இருபத்தொரு வீடு

அம்மா பழைய டயரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பட்டியல் எழுதி வைத்திருந்தாள். காரிலிருந்து பெட்டியை இறக்கவில்லை, முகம் கழுவவில்லை, அதற்குள் கையில் கொடுத்துவிட்டாள். மொத்தம் 21 வீடு. முதலில் ஏரல் அத்தை, கடைசியில் பேய்க்குளம் சித்தப்பா. நடுவில் நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம் என்று சொந்தம் சிதறிக் கிடக்கிற ஊர்கள் எல்லாம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு வேறு. ‘காது கேக்காது, சத்தமாப் பேசு.’ ‘காப்பி வேண்டாம்னு சொல்லிராத.’ ‘மூத்த மகன் பேச்ச எடுக்கக் கூடாது.’

கைவசம் இருந்தது ஆறு நாள். 2024 டிசம்பர் 21 சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தோம். 27ஆம் தேதி மனைவியின் ஊருக்கு, நாகர்கோவில் பக்கம், போயாக வேண்டும். கிறிஸ்மஸ் என் பக்கம், புது வருஷம் அவள் பக்கம் என்பது கல்யாணமான புதிதில் போட்ட ஒப்பந்தம். அங்கேயும் ஒரு பட்டியல் உண்டு. மாமியார் அதை எழுதி வைப்பதில்லை, மனப்பாடம்.

மஸ்கட்டுக்குப் போய் 16 வருஷம் ஆகிறது. ஒரு கம்பெனி ஸ்டோரில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. ரூவியில் ஒரே வளாகத்துக்குள் எல்லாச் சபையும் கூடும். தமிழ்ச் சபை முடித்து வெளியே வரும்போது அடுத்த மொழிக்காரர்கள் வாசலில் காத்து நிற்பார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டிசம்பர் 25 வாரத்தின் நடுவில் வந்தால் அன்றைக்கு வேலைநாள். சாயங்காலம் வந்து பிரியாணி சாப்பிட்டு, பால்கனியில் சைனா ஸ்டாரை எரியவிட்டு, ஊருக்கு வீடியோ காலில் பேசினால் பண்டிகை முடிந்தது. ஊருக்குப் போவது கோடை லீவில்தான். ஜூனில் போனால் நுங்கு கிடைக்கும், கடைசிப் பதனீர் கிடைக்கும், பண்டிகை கிடைக்காது. டிசம்பர் கடைசியில் ஸ்டாக் எடுப்பு என்று எனக்கு லீவு தரமாட்டார்கள். 16 வருஷத்தில் நான் ஊரில் கொண்டாடிய கிறிஸ்மஸ் மூன்றுதான். இது நாலாவது.

2023இலேயே வந்திருக்க வேண்டியது. டிசம்பர் 21க்கு டிக்கெட் எடுத்து, பிள்ளைகள் காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். 17ஆம் தேதி மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. தாமிரபரணி இரண்டு கரையையும் தாண்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனதை மஸ்கட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தோம். ஏரலில் இருக்கிற அத்தை வீட்டுக்கு மூன்று நாள் போன் போகவில்லை. நாலாவது நாள் மாமாவே கூப்பிட்டார். “உசுரோட இருக்கோம்டே. நீ இந்தச் சகதிக்குள்ள பிள்ளைகளக் கூட்டிட்டு வராத. அடுத்த வருசம் வா, நான் எங்க போறேன்?” என்றார்.

டிக்கெட்டைக் கேன்சல் செய்தேன். 2024 ஜூலையில் மாமா இறந்துபோனார். அடக்கத்தை மஸ்கட்டில் மொட்டைமாடியில் நின்று போனில் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஐயர் (எங்கள் பக்கம் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது படம் அப்படியே உறைந்துவிட்டது.

அம்மா ஏரல் அத்தையை முதலில் எழுதியதற்குக் காரணம் அதுதான். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடமாட்டார்கள். சொந்தக்காரர்கள்தான் பண்டிகைக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் நம் வீட்டுப் பண்டிகை.

நான் வரிசையை மாற்றினேன். பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்து பார்க்கிற முதல் ஊர்ப் பண்டிகை, துக்கத்தில் தொடங்க வேண்டாம், 26ஆம் தேதி போய்க்கொள்ளலாம் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைக்கென்று முந்திரிக்கொத்தும் அதிரசமும் போட்டு மூடி வைத்திருந்த எவர்சில்வர் டின்னை எடுத்து அலமாரி மேல் தட்டில் வைத்தாள். பிள்ளைகளுக்காக என்று நான் சொன்னது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, அத்தை முகத்தைப் பார்க்க எனக்குப் பயம்.

வந்த அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் விடியற்காலை இறங்கி, நாகர்கோவிலில் இட்லி சாப்பிட்டு, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டி ராதாபுரம், திசையன்விளை வழியாக வந்தோம். எட்டு வயதுச் சின்னவன் வழிப்பலகைகளில் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

“அப்பா, நாம சாத்தான் குளத்துக்கா கிறிஸ்மஸுக்குப் போறோம்?”

அது பைபிள் சாத்தான் இல்லை, சாத்தன் என்பது தமிழில் பழைய பெயர் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பேய்க்குளம்?” என்றான். டிரைவர் சிரித்ததில் வண்டி ஓரத்துக்குப் போய் வந்தது. ஊர்ப்பெயர் அப்படி, ஆனால் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கோபுரமும் மணியும். 1799இல் முதலூர் உண்டானது. வேதத்துக்கு வந்தவர்கள் அடி தாங்காமல் தனியாக நிலம் வாங்கி உட்கார்ந்த முதல் ஊர், அதனால் அந்தப் பெயர். பனையேறிச் சம்பாதித்த காசில் எழுந்த கோயில்கள் இவை. மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. அந்த ஊர் சி.எம்.எஸ். மிஷன், முதலூரும் நாசரேத்தும் எஸ்.பி.ஜி. மிஷன். 1947இல் எல்லாம் ஒரே திருச்சபை ஆகிவிட்டது. ஆனாலும் பெண் பார்க்கும்போது இன்றைக்கும் எந்தப் பக்கம் என்று ஒரு கிழம் கேட்கத்தான் செய்கிறது.

வழியில் இடையன்குடியில் நிறுத்தினேன். கால்டுவெல் கட்டின கோயில், 1880இல் முடித்தார். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது, இதெல்லாம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அயர்லாந்தில் பிறந்தவர், 1838இல் சென்னையில் இறங்கி அங்கிருந்து தெற்கே நடந்தே வந்தவர், 1841இல் இந்தத் தேரி மணலில் வந்து உட்கார்ந்து தமிழ் படித்தவர், 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியவர், 1891இல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவருக்குத் தமிழ் யாரு சொல்லிக் குடுத்தா?” என்றாள்.

“இங்க உள்ளவங்கதான்.”

“எனக்கு?”

அவள் பள்ளிக்கூடத்தில் இந்தி உண்டு, அரபி உண்டு. தமிழ் பேசுவாள். எழுத்து பாதி தெரியும், கூட்டி வாசிக்க வராது. சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்று நான் சொல்ல ஆரம்பித்து ஏழு வருஷம் இருக்கும். மனைவி வெளியே பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். அன்றைக்குச் சாயங்காலமே பேத்தியைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். பாடப்புத்தகம் கைவசம் இல்லாததால் அம்மாவின் பட்டியலே அரிச்சுவடி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள் ஏலம். முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், கால் கட்டின கோழி. கோழி 700 ரூபாயில் நின்றபோது சின்னவன் கையைத் தூக்கினான். பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்கத் தூக்கின கை, பள்ளிக்கூடப் பழக்கம். “எழுநூத்தம்பது, மஸ்கட்டு!” என்று ஏலம் போட்டவர் மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார். சபையே சிரித்தது. கோழியை அறுக்கவிடாமல் இரண்டு பேரும் அழுத கதை தனி. அது இப்போதும் அம்மாவிடம் இருக்கிறது, முட்டையிடுகிறது.

வீடு வீடாகப் போக ஆரம்பித்தோம். போகிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “வந்துட்டியளா!” என்று ஒரு சத்தம் வரும். உட்கார்ந்ததும் தண்ணி. பிறகு கலர், பெரும்பாலும் பவண்டோ. பிறகு தட்டு: முறுக்கு, அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, தூத்துக்குடி மக்ரூன், முதலூர் வீடுகளில் மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலில் கிண்டுகிற அந்த அல்வாவுக்கு மஸ்கட்டோடு சம்பந்தம் உண்டா என்று என்னிடம் கேட்டவர்கள் அநேகம். பாதித் தட்டையாவது காலி பண்ண வேண்டும். நடுவில் மெலிந்துவிட்டாய் என்றோ ஊதிவிட்டாய் என்றோ ஒரு தீர்ப்பு. மஸ்கட்டில் எவ்வளவு சம்பளம் என்று நேராகக் கேட்பார்கள், நேராகப் பொய் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகளின் முறை.

“ஒரு வசனம் சொல்லுய்யா பாப்போம்.”

பெரியவள் ஆங்கிலத்தில் ஒரு சங்கீதத்தையே ஒப்பிப்பாள். சின்னவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், யோவான் 11:35. பைபிளிலேயே குட்டி வசனம். தமிழில் மூன்றே சொல், இயேசு அழுததைச் சொல்வது. ஞாயிறு பள்ளிக்கூடத்துச் சோம்பேறிப் பையன்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருக்கிற வசனம். நானும் அதில் பிழைத்தவன்தான். அவன் அதை வீட்டுக்கு வீடு ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தட்டில் கை வைப்பான். கடைசியில் எல்லாரும் எழுந்து நிற்க, வீட்டுப் பெரியவர் ஜெபம் பண்ணுவார். ஜெபத்துக்குள் எங்கள் விமானம், என் வேலை, மனைவியின் முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வந்துவிடும். ஆமென் சொல்லி வாசலுக்கு வந்தால் பிள்ளைகள் கையில் மடித்த 100 ரூபாய். பெரியவள் அதற்கு ஒரு நோட்டில் கணக்கு வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு பத்தி, குடித்த கலர்.

உறவுமுறைதான் பெரிய சிக்கல். மஸ்கட்டில் எல்லாரும் அங்கிள், எல்லாரும் ஆன்ட்டி. ஊரில் அந்தச் சொல் வாயில் வந்தால் முகம் சுருங்கும். என் அண்ணன் முறைக்காரருடைய மனைவி எனக்கு மயினி, அவர்களுக்குப் பெரியம்மா. என் மாமா மகன் எனக்கு மச்சான், அவர்களுக்கு மாமா. சின்னவன் இரண்டு நாளில் கைவிட்டுவிட்டான். யாரைப் பார்த்தாலும், நரைத்திருந்தால் ஆச்சி, தாத்தா, இல்லையென்றால் மாமா. ஒன்றும் மோசம் போகவில்லை.

மோசம் போனது நாசரேத்தில், பெரியம்மா வீட்டில். பெரியவள் பையிலிருந்து பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தாத்தா சொல்லிக்கொடுத்தபடி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு கொஞ்சம் ஓய்ந்த நேரம். “மூத்... த... ம... கன்... பேச்...ச...” மனைவி தாளைப் பிடுங்குவதற்குள் பெரியம்மாவின் கை நடுவில் வந்துவிட்டது.

“வாசிக்கட்டும் விடு. ஏட்டி, முழுசா வாசி.”

முழுசாக வாசித்தாள். வாசித்து முடித்த சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. அர்த்தம் புரிய இன்னும் அரை நிமிஷம் ஆயிற்று. பெரியம்மா எங்களைப் பார்க்கவில்லை. “ஒங்க ஆச்சி எழுத்து இன்னும் முத்து முத்தாத்தான் இருக்கு” என்றார். பிறகு யாரும் கேட்காமலே மூத்த மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் சொன்னார். ஆறு வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றிப் போகிறார்களாம். செத்தவன் பேச்சைக்கூட எடுப்பார்கள், இவன் பேச்சை எடுப்பதில்லை என்றார். அவர் சொன்னது இங்கே வேண்டாம். அன்றைக்குப் போக வேண்டிய அடுத்த மூன்று வீடும் அதில் போயிற்று.

இருபத்துநாலாம் தேதி ராத்திரி கேரல் வந்தது. மேளமும் கீபோர்டும், முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தாவும், ஒன்றரை மணிக்கு. நாங்கள் சின்ன வயதில் மூங்கில் சிம்பைக் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து ஸ்டார் செய்வோம்; பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டலாம் என்று மூங்கில்கூட வாங்கி வைத்திருந்தேன். நேரம் கிடைக்கவில்லை. வாசலில் எல்.இ.டி. ஸ்டார்தான் எரிந்தது, மஸ்கட் பால்கனியில் எரிகிற அதே சைனா ஸ்டார். நாலு மணிக்கு ஆராதனை. மூன்று மணிக்கே மணி அடித்துவிட்டார்கள். புதுத்துணி விறைப்பும் பனியும் கொசுவுமாகப் பிள்ளைகள் என் மேல் சாய்ந்து தூங்கினார்கள். பாமாலைப் புத்தகத்தில் பெரியவள் விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். பாட்டு அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது. மூன்றாவது பாட்டில் ஒரு வரியைப் பிடித்தாள்.

இருபத்தாறாம் தேதி ஏரலுக்குப் போனோம். போகிற வழியில் குளங்கள் தளும்பிக் கிடந்தன. அலமாரியிலிருந்து இறங்கிய டின் மனைவியின் மடியில் இருந்தது. அத்தை வெள்ளைச்சேலை கட்டியிருந்தார். “வாங்கய்யா” என்று மட்டும் சொன்னார். உள்ளே மேஜையில் ஏற்கெனவே ஏழு டின் வரிசையாக இருந்தது, எல்லாம் பண்டிகைக்கு முன்னால் வந்தவை. எங்களுடையது எட்டாவது.

சுவரில் வெள்ளம் நின்ற கோடு பழுப்பாக ஓடியது. “வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன். ஒங்க மாமாதான் வேண்டாம்னுட்டாவ. பிள்ளைக வந்து பாத்த பொறவு அடிப்போம்னாவ” என்றார் அத்தை. சின்னவனைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். கோடு அவன் தலைக்கு மேலே போயிற்று. அவர்களுடைய கல்யாணப் படம் தண்ணீரில் ஊறி, மாமா பக்கம் மட்டும் கரைந்து போயிருந்தது.

பேச வரவில்லை. வழி எல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அத்தையும் எதுவும் கேட்கவில்லை. வசனம் சொல்லச் சொல்லவும் இல்லை. ஆனால் ஐந்து நாள் பழக்கம். சின்னவன் தன் கடமை பாக்கி இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு அந்த மூன்று சொல்லையும் சொன்னான்.

பெரியவள் அவனை இடுப்பில் கிள்ளினாள். எனக்கு அப்போதுதான் அந்த வசனம் எந்த இடத்தில் வருகிறது என்பதே நினைவில் தட்டியது. லாசருவின் வீட்டுக்கு அவர் வந்தது நாலு நாள் பிந்தி. நான் வந்தது ஐந்து மாதம் பிந்தி, அதிலும் பண்டிகை கழித்து.

“யாருய்யா இதச் சொல்லிக் குடுத்தா?” என்றார் அத்தை.

“யாருமில்ல ஆச்சி. இதுதான் குட்டி.”

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “ஒங்க தாத்தாவுக்கும் இது ஒண்ணுதாம்யா தெரியும். கல்யாணத்தன்னைக்கு ஐயர் ஒரு வசனம் சொல்லுன்னதுக்கும் இதத்தான் சொன்னாவ. கோயில்ல அம்புட்டுப் பேரும் என்னயத் திரும்பிப் பாத்தாவ.” சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. எட்டு டின்னில் ஒன்றைத் திறந்து சின்னவனுக்கு அதிரசம் எடுத்துக் கொடுத்தார். அது எங்கள் டின் இல்லை.

சாயங்காலம் வரைக்கும் இருந்தோம். கிளம்பும்போது அத்தை எல்லாரையும் போலப் பிள்ளைகள் கையில் ரூபாயை வைத்து அழுத்தினார். பெரியவள் நோட்டில் அதை எழுதவில்லை என்பதை மறுநாள் நாகர்கோவில் போகும் வழியில்தான் பார்த்தேன்.

ஜனவரி 2ஆம் தேதி வேலைக்குப் போய்விட்டேன். பெரியவளின் கணக்குப்படி என் பக்கத்தில் 14 வீடு, இரண்டு பேருக்கும் சேர்த்து 37 கலர். பட்டியலில் விட்டுப்போனது ஏழு. ஆறு வீட்டுக்கு அந்த வெள்ளிக்கிழமையே போன் போட்டுச் சமாதானம் சொல்லியாயிற்று. பேய்க்குளம் சித்தப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.